கலைக்கு ஒரு மனை எழுப்பிய ருக்மிணி தேவி அம்மையார் (1904 - 1986)

பிறநாடுகளில் வாழும் எமது தமிழ்க் குடும்பங்களுள், ஒரு பிள்ளையாவது பரதநாட்டியம் பயிலாத குடும்பத்தைக் காண்பது அரிது. சனி, ஞாயிறு என்றால் கோயில் மண்டபத்திலோ, வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபத்திலோ தட்டுக்கழியின் ஓசை கேட்கிறது. பெற்றோர் வாசலில் காத்திருக்கிறார்கள். அரங்கேற்றம் என்றால் அழைப்பிதழ் அச்சடித்து ஊரைக் கூட்டிக் கொண்டாடுகிறோம். ஆனால், ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு குடும்பப் பெண் மேடையேறி ஆடுவதென்றால் உறவினர் வாசற்படி மிதிக்கத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த நிலை மாறியதற்குப் பலர் காரணம். அவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார்.

அம்மையாரைப் பெரிய நடனக் கலைஞர் என்றே பலரும் அறிவர். அது உண்மையே. ஆனாலும் அவர் தாமே மேடையில் ஆடிய காலம் குறுகியது. கலாக்ஷேத்திரா என்னும் நிறுவனத்தை நடத்திய காலமோ முழுதாக ஐம்பது ஆண்டுகள். இலாபம் கருதாமல், கலையைக் கற்பிப்பதற்கென்றே ஒரு நிறுவனத்தை நடத்துவது எத்தகைய உழைப்பு என்பதை அவர் வாழ்க்கை எமக்குக் காட்டுகிறது. கோயிலோடு சேர்த்து வகுப்புகளும் நடத்திவரும் எம்மைப் போன்ற சங்கத்தினர் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் இதுவே எனக் கருதுகிறோம்.

பிறப்பும் இளமையும்

ருக்மிணி தேவி 1904ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 29ஆம் திகதி மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொதுப்பணித் துறையில் பொறியியலாளர். வடமொழிப் புலமை உடையவர். தாயார் சேஷம்மாள் சங்கீதத்தில் ஈடுபாடு கொண்டவர். தந்தையார் பிரம்மஞான சபையின் கொள்கைகளில் நாட்டம் கொண்டு, பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் சென்னை அடையாற்றில், சபையின் தலைமையகத்துக்கு அண்மையில் வீடு கட்டிக் குடியேறினார். அங்கே அன்னி பெசன்ட் அம்மையாரின் அன்புக்குரிய பிள்ளையாக ருக்மிணி வளர்ந்தார்.

பெசன்ட் அம்மையாரோடு பணிபுரிந்தவர்களுள் ஒருவர் ஆங்கிலேயரான ஜோர்ஜ் அருண்டேல். கல்வித் துறையில் பெயர் பெற்றவர். 1920ஆம் ஆண்டில், தம்மிலும் ஏறத்தாழ 25 வயது மூத்தவரான அவரை ருக்மிணி பம்பாயில் மணந்துகொண்டார். அப்போது அவருக்கு வயது 16. பிராமணக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வெள்ளையரை மணப்பதா என்று சென்னை கொதித்தது. எதிர்ப்புக்கிடையே பெசன்ட் அம்மையார் தம்பதிகளுக்குத் துணையாக நின்றார். பிற்காலத்தில் நடனத்துக்காக அவர் கேட்க நேர்ந்த ஏச்சுப் பேச்சுகளைத் தாங்குவதற்கு இது ஒரு முன்பயிற்சியாக அமைந்தது என்றே எமக்குத் தோன்றுகிறது.

கணவரோடு உலகின் பல பாகங்களுக்கும் சென்றுவந்த அவர், 1920களின் இறுதியில் ரஷ்ய நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்றார். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி என்பவரிடம் பாலே நடனமும் பயின்றார். அந்நிய நாட்டுக் கலையில் மோகம் கொண்டு நின்ற அந்த இளம்பெண்ணை, உன் நாட்டின் சொந்தக் கலையைத் தேடிப் போ என்று திருப்பிவிட்டவர் பாவ்லோவாவே. பிறநாட்டில் பிள்ளை வளர்க்கும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

சதிரும் பரதமும்

இன்று பரதநாட்டியம் என்று நாம் அழைக்கும் ஆடல் அக்காலத்தில் சதிர் எனப்பட்டது. கோயில்களிலும் அரச சபைகளிலும் ஆடிவந்த தேவதாசிப் பெண்களும், அவர்களுக்குப் பயிற்சி அளித்த நட்டுவனார்களும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த செல்வம் அது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய எதிர்ப்பியக்கத்தால் அந்தப் பெண்கள் வாழ்விழந்தனர். ஆடலும் இழிவாகப் பேசப்பட்டது. 1947ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. பெண்களின் துயர் தீர்க்க எழுந்த இயக்கத்தில் கலையும் சேர்ந்து அழிந்துவிடுமோ என்று அஞ்சியவர்களுள் வழக்கறிஞர் இ. கிருஷ்ண ஐயர் முக்கியமானவர். சென்னை மியூசிக் அகாதமியில் சதிர்க் கச்சேரிகள் இடம்பெறுவதற்கு முன்னின்று உழைத்தவர் அவரே.

1930களின் முற்பகுதியில், அகாதமியில் நடந்த அத்தகைய கச்சேரி ஒன்றில் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவிகள் ஆடியதைக் கண்ட ருக்மிணி தேவி, இதனைத் தாமும் கற்றே ஆகவேண்டும் என்று முடிவு செய்தார். முதலில் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடம் கற்றார். கபாலீஸ்வரர் கோயிலோடு தொடர்புடைய தேவதாசி மரபில் வந்தவர் கௌரி அம்மாள், அபிநயத்தில் இணையற்றவர். பின்னர் தஞ்சை நால்வரின் வழிவந்த மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமே பாடம் கேட்டார். முப்பது வயதை எட்டிய ஒரு பெண், அதிலும் வேறு சமூகத்தைச் சேர்ந்தவர், அடவு பழக வந்து நிற்பதை முதுபெரும் நட்டுவனார் எளிதில் ஏற்கவில்லை. விடாமுயற்சியைக் கண்ட பின்னரே மனம் இசைந்தார்.

1935ஆம் ஆண்டு டிசெம்பர் மாத இறுதியில், அடையாற்றில் பிரம்மஞான சபையின் வைரவிழா மாநாட்டின்போது அம்மையார் முதன்முதலாக மக்கள் முன் ஆடினார். எதிர்த்தவர்களும் வந்திருந்தனர். பார்த்தவர் பலர் மனம் மாறித் திரும்பினர்.

அம்மையார் மேடையைப் பல வகையில் மாற்றினார். ஆடுபவருக்குப் பின்னால் நின்று வாசித்த பக்கவாத்தியக்காரரை மேடையின் ஒரு பக்கத்தில் அமரச் செய்தார். கோயிற் சிற்பங்களைப் பார்த்து ஆடையணிகளை அமைத்தார். மேடையில் நடராசர் திருவுருவை வைத்தார். ஒளியமைப்பில் அலெக்ஸ் எல்மோர் போன்ற அயல்நாட்டு நண்பர்கள் கைகொடுத்தனர். இன்று எமது பிள்ளைகளின் அரங்கேற்ற மேடை அமைந்திருக்கும் விதத்தில் பெரும்பகுதி அவர் வகுத்ததே.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிருங்காரம் மிகுந்த சில பதங்களையும் அசைவுகளையும் அம்மையார் விலக்கினார். இதனை மரபுவழிக் கலைஞரான ரீ. பாலசரஸ்வதி ஏற்கவில்லை. சிருங்காரமே இக்கலையின் உயிர் என்பது அவர் கொள்கை. கலையைக் காத்துத் தந்த குடும்பங்களின் பெண்கள் ஒதுங்கிப்போக, புதியவர்கள் புகழ்பெற்றார்கள் என்ற மனக்குறையும் இன்றுவரை உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. அம்மையார் செய்த நன்மையையும் இந்த நியாயத்தையும் ஒருங்கே நினைவில் வைத்துக்கொள்வதே நேர்மை. பிள்ளைகளுக்கு ருக்மிணி தேவியின் பெயரைச் சொல்லிக்கொடுக்கும்போது, கௌரி அம்மாளின் பெயரையும் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம்.

கலாக்ஷேத்திராவின் தோற்றம்

மேடையேறிய சில நாட்களிலேயே, 1936ஆம் ஆண்டு ஜனவரி மாதம், அம்மையாரும் கணவரும் நண்பர் சிலரும் கூடி ஒரு கலைக்கழகத்தை ஆரம்பித்தனர். சர்வதேசக் கலைக்கழகம் என்பது அதன் முதற்பெயர். பின்னர் கலாக்ஷேத்திரா என்று பெயர் மாறிற்று. கலையின் புனித இடம் என்பது பொருள். அடையாற்றில் பிரம்மஞான சபையின் நிலத்தில், மரநிழலிலும் சிறு கொட்டகைகளிலும் வகுப்புகள் நடந்தன. அம்மையாரின் தமையன் மகள் ராதா முதல் மாணவிகளுள் ஒருவர்.

நடனத்துக்கு மட்டும் ஒரு பள்ளி என்று அவர் நினைக்கவில்லை. ஆடுபவர் பாடவும் அறிந்திருக்க வேண்டும். வடமொழியும் தமிழும் தெரிந்திருக்க வேண்டும். ஓவியமும் கைத்தொழிலும் கண்ணில் பட வேண்டும் என்பது அவர் நோக்கம். அதற்காக அக்காலத்தின் பெரும் வித்துவான்களை ஒருவர்பின் ஒருவராக அடையாற்றுக்கு அழைத்து வந்தார். பாபநாசம் சிவன் அங்கே பாட்டுக் கற்பித்தார். டைகர் வரதாச்சாரியார் தலைமையேற்றார். வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர், கோட்டுவாத்தியத்துக்குப் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், கதகளிக்கு அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் என்று ஆசிரியர் வரிசை நீண்டது. மைசூர் வாசுதேவாச்சாரியார் முதிர்ந்த வயதில் அங்கே வந்து தங்கி, இராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசையமைத்தார். அவர் 1961இல் காலமானபின் அந்தப் பணியை அவருடைய பேரர் ராஜாராம் தொடர்ந்தார்.

இந்தப் பெரியவர்களுள் பலர் அங்கு வரும்போது வயோதிபர். கையில் பெருஞ்சம்பளம் கொடுக்க நிறுவனத்திடம் பணம் இருந்ததில்லை. கொடுக்க முடிந்தது மரியாதையும், அமைதியான இருப்பிடமும், கற்க ஆவலுள்ள மாணவரும்தான். அவர்கள் அதற்காகவே வந்தார்கள். ஆசிரியரைக் கூலிக்கு வந்தவராகக் கருதாமல் வீட்டுப் பெரியவராக வைத்துப் போற்றுவதே ஒரு கலைப்பள்ளியின் முதல் மூலதனம் என்பதை இதிலிருந்து அறியலாம்.

கஷ்ட காலம்

நிறுவனம் வளர்ந்த பாதை மலர் விரித்த பாதை அல்ல. 1940களின் முற்பகுதியில், மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மருமகனும் கலாக்ஷேத்திராவின் நடன ஆசிரியருமான சொக்கலிங்கம் பிள்ளை நிறுவனத்தை விட்டு விலகினார். நட்டுவாங்கம் ஆண்கள் மட்டுமே, அதுவும் பரம்பரையில் வந்தவர் மட்டுமே செய்யும் தொழில் என்றிருந்த காலம் அது. நட்டுவனார் இல்லையேல் நிகழ்ச்சி இல்லை. அம்மையார் நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. தாளத்தைத் தாமே கையில் எடுத்தார். தம் மாணவிகளையும் நட்டுவாங்கத்துக்குப் பழக்கினார். இன்று எமது ஊர்களில் நட்டுவாங்கம் செய்யும் ஆசிரியைகளைக் காணும்போது நாம் வியப்பதில்லை. அன்று அது துணிகரமான செயல்.

1945ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கணவர் அருண்டேல் காலமானார். அவர் 1934 முதல் பிரம்மஞான சபையின் தலைவராக இருந்தவர். அவர் இருந்தவரை சபையின் நிழல் கலாக்ஷேத்திராவுக்கு இருந்தது. அவர் மறைந்தபின், சபையின் நிலத்தில் கலைப்பள்ளி தொடர்ந்து இருப்பது இயலாத காரியமாயிற்று. வேறு இடம் தேட வேண்டிய நிலை. பிள்ளை இல்லை, கணவரும் இல்லை; கையில் இருந்தது பள்ளி ஒன்றுதான்.

திருவான்மியூரில், கடற்கரையை அடுத்த ஏறத்தாழ நூறு ஏக்கர் நிலம் பெறப்பட்டது. பெரும்பாலும் மணல் நிலம். அங்கே மரங்கள் நடப்பட்டன. பணம் கிடைக்கக் கிடைக்கக் கொட்டகைகளும் குடில்களும் எழுந்தன. 1962ஆம் ஆண்டில் கலாக்ஷேத்திரா புதிய இடத்துக்கு மாறியது. கணவர் மறைந்து 17 ஆண்டுகள் கழிந்திருந்தன. இன்று அங்கே செல்பவர் காணும் சோலை, அன்று நட்டு நீரூற்றியவர்களின் உழைப்பு. காலையில் மாணவரும் ஆசிரியரும் ஆலமரத்தடியில் கூடிப் பல சமயங்களின் பிரார்த்தனைகளையும் ஓதி நாளைத் தொடங்குவது அந்த நிறுவனத்தின் வழக்கம்.

கூட உழைத்தவர்கள்

இத்தனையும் ஒரே கையால் நடந்தவை அல்ல. ருக்மிணி தேவியின் பெயர் ஒளிவிட்டதற்கு, விளக்கின் திரியும் எண்ணெயுமாக இருந்தவர்கள் பலர். கேரளத்திலிருந்து வந்த சங்கர மேனன் இளமை தொட்டே அம்மையாரோடு நின்று பள்ளிகளின் நிர்வாகத்தைக் கவனித்தார்; அம்மையார் மறைந்தபின் கலாக்ஷேத்திராவின் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். சாரதா ஹொஃப்மன் சிறுமியாக வந்து கற்று, பின்னர் பல தசாப்தங்களாக அடவுகளைச் செம்மையாகக் கற்பித்து, கலாக்ஷேத்திரா பாணி என்று சொல்லப்படும் நேர்த்திக்கு உருவம் கொடுத்தார். கணக்கெழுதியவர், உடை தைத்தவர், மாணவர் விடுதிக்குச் சமைத்தவர் ஆகியோரின் பெயர்கள் நூல்களில் இல்லை. ஆனால் அவர்கள் இல்லாமல் ஒரு நாட்டிய நாடகமும் மேடையேறியிருக்காது.

மாணவர்கள் அம்மையாரை அத்தை என்றே அழைத்தனர். அத்தைக்குரிய அன்பும் இருந்தது, கண்டிப்பும் இருந்தது. உடையின் நிறம் முதல் மேடையில் பூ வைக்கும் இடம் வரை அவர் கண்ணுக்குத் தப்பாது. 1944இல் மேடையேறிய குற்றாலக் குறவஞ்சியில் தொடங்கி, ஆறு பாகங்கள் கொண்ட இராமாயண வரிசை உட்பட இருபத்தைந்துக்கு மேற்பட்ட நாட்டிய நாடகங்கள் அவர் மேற்பார்வையில் உருவாயின. தம் பெயருக்கு ஆடுவதை விடுத்துப் பிறரை ஆடவைப்பதில் அவர் காலத்தைச் செலவிட்டார்.

நெசவும் அவர் அக்கறைக்குள் வந்தது. பழைய சேலைகளின் அகன்ற கரையையும் நிறச் சேர்க்கையையும் பார்த்து, கலாக்ஷேத்திராவில் தறி அமைத்து நெய்வித்தார். எம்மவர் பெட்டிகளில் பத்திரமாக இருக்கும் கலாக்ஷேத்திரா சேலைகளின் கதை இதுதான். கல்வியில், 1939இல் இத்தாலியக் கல்வியாளர் மரியா மொண்டிசோரி அம்மையாரை அடையாற்றுக்கு அழைத்துப் பயிற்சி நடத்தச் செய்தவர்கள் அருண்டேல் தம்பதிகள். யுத்தம் காரணமாக மொண்டிசோரி பல ஆண்டுகள் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது.

தமிழர் நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய வேறொன்றும் உண்டு. தமிழ்த் தாத்தா உ.வே. சாமிநாதையர் 1942இல் காலமானபின், அவர் ஊர் ஊராக அலைந்து தேடிய ஏட்டுச்சுவடிகளையும் நூல்களையும் காக்கும் பொருட்டு, 1943ஆம் ஆண்டில் அவர் பெயரால் ஒரு நூல்நிலையம் அமைவதற்கு வழிசெய்தவர் ருக்மிணி தேவியே. அது இன்றும் சென்னையில் இயங்கிவருகிறது.

பதவியும் மறுப்பும்

1952ஆம் ஆண்டு இந்திய மாநிலங்கள் அவைக்குக் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்பட்ட பன்னிருவருள் அம்மையார் ஒருவரே பெண். வாயில்லாச் சீவன்களின் துன்பத்தைத் தடுக்க அங்கே ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்கமே முழுமையான சட்டம் இயற்றும் என்று பிரதமர் நேரு உறுதியளித்ததனால் அதனை மீட்டுக்கொண்டார். 1960இல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்வழி அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கும் அவர் தலைமை தாங்கினார். 1956இல் பத்மபூஷண் விருதும், 1957இல் சங்கீத நாடக அகாதமியின் விருதும் அவரைத் தேடி வந்தன.

1977ஆம் ஆண்டில் பிரதமர் மொரார்ஜி தேசாய், இந்தியாவின் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரை நிறுத்த விரும்பினார். இசைந்திருந்தால் அப்பதவியை வகிக்கும் முதற் பெண்மணியாக அவர் விளங்கியிருக்கக்கூடும். அந்தப் பெருமை 2007ஆம் ஆண்டில்தான் பெண் ஒருவருக்குக் கிடைத்தது. அம்மையார் வேண்டாமென்று மறுத்துவிட்டார். நாட்டின் முதற்குடியாக டில்லி மாளிகையில் இருப்பதைவிட, திருவான்மியூரின் ஓலைக் கொட்டகையில் பிள்ளைகள் ஒத்திகை பார்க்கையில் அருகில் இருப்பதே அவருக்குப் பெரிதாகப் பட்டது போலும்.

1986ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 24ஆம் திகதி சென்னையில் அவர் காலமானார். கலாக்ஷேத்திரா பொன்விழா ஆண்டை எட்டியிருந்தது.

எமக்கு உரிய பாடம்

அம்மையாருக்குப் பின் நிறுவனம் எப்படி நிற்கும் என்ற கவலை எழுந்தது. 1993ஆம் ஆண்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தின் மூலம், கலாக்ஷேத்திரா தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டு அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தது. சட்டம் ஒரு கட்டடத்தைக் காக்கும், கணக்கைக் காக்கும். நம்பிக்கையை மனிதர்தான் காக்க வேண்டும். 2023ஆம் ஆண்டில் அங்குள்ள மாணவிகள், பாலியல் தொல்லை பற்றிய முறைப்பாடுகளைக் கவனிக்குமாறு கோரிப் போராட்டம் நடத்த வேண்டி வந்ததை நாம் வேதனையோடு செய்திகளில் பார்த்தோம். பெரியவர் ஒருவர் எழுப்பிய மனை என்பதனால் மட்டும் அது தானாகத் தூய்மையாக இருந்துவிடாது. பொறுப்பில் இருப்பவர் ஒவ்வொரு நாளும் கண்விழித்திருக்க வேண்டும். பிள்ளைகளை ஒப்படைக்கும் எந்த இடத்துக்கும், எமது சங்கத்துக்கும், இது பொருந்தும்.

கலாக்ஷேத்திராவில் விதைத்தவை கடல் கடந்தும் முளைத்தன. இலங்கையிற் பிறந்து அங்கே பயின்று அங்கேயே கற்பித்த நீலா சத்தியலிங்கம், கணவரோடு சிங்கப்பூரில் குடியேறி 1977இல் அப்சராஸ் ஆர்ட்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். அதுபோல இன்னும் பல நாடுகளில், அங்கே கற்றவர்களும் அவர்களிடம் கற்றவர்களும் எமது பிள்ளைகளுக்கு ஆசிரியர்களாக இருக்கிறார்கள்.

அரங்கேற்ற மேடையில் பிள்ளை ஆடும்போது எல்லாக் கண்களும் பிள்ளைமேல் இருக்கும். அது முறைதான். ஆனால் அந்த மண்டபத்தின் சாவியை வைத்திருப்பவர், வாடகையைச் சேர்த்துக் கட்டுபவர், வகுப்பு முடிந்து கதிரைகளை அடுக்குபவர், ஆசிரியைக்கு நேரத்தோடு சம்பளம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பவர், தம் பிள்ளை வளர்ந்து போனபின்னும் பிறர் பிள்ளைக்காக வந்து நிற்பவர், இவர்களும் கலை வளர்ப்பவர்களே. ஐம்பது ஆண்டுகள் ருக்மிணி தேவி அம்மையார் செய்த வேலையின் பெரும்பகுதி இத்தகையதே. கைதட்டல் கிடைக்காத அந்த வேலைக்கு எமது சங்கத்தில் இன்னும் சில கைகள் முன்வருமானால், அம்மையாரின் நினைவுக்கு நாம் செய்யும் நல்ல வணக்கம் அதுவாகும்.